வரிகள் உங்களுடையவை, மெட்டு யாருடையது?

கேள்வி: நான் கொருக்குப்பேட்டையில் குடியிருக்கிறேன். துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனத்தில் எழுத்தர் வேலை. வயது 41. மகளுக்கு 12 வயது, மகனுக்கு 8. பிள்ளைகள் தூங்கிய பிறகு பாட்டு எழுதுவது என் நெடுநாள் பழக்கம். நோட்டில் 40 பாட்டுக்கு மேல் இருக்கும். அவற்றில் ஒன்றுக்குக் கீபோர்டு வாசிக்கும் நண்பர் மெட்டுப் போட்டார், என் மகள் பாடினாள், வியாசர்பாடியில் ஒரு சிறிய ஸ்டூடியோவில் என் செலவில் பதிவு செய்தோம். அது வாட்ஸ்அப்பில் பரவி, ஆடி மாதம் எங்கள் தெருக் கோயிலில் கூழ் ஊற்றியபோது யாரோ ஒரு குழுவினர் என் பெயரைச் சொல்லாமலே மேடையில் பாடினார்கள். இப்போது ஆல்பம் தயாரிக்கும் ஒருவர் 15,000 ரூபாய் தருவதாகச் சொல்லி, முத்திரைத்தாளில் ஆங்கிலத்தில் இரண்டு பக்க ஒப்பந்தம் கொண்டுவந்திருக்கிறார். பழைய சினிமா மெட்டில் நான் எழுதிய இன்னொரு பாட்டையும் அதில் சேர்த்திருக்கிறார். “பாட்டை வேண்டுமானால் கொடுங்கள், பிள்ளையின் குரலை எழுதிக் கொடுக்காதீர்கள்” என்கிறார் என் மனைவி. பாட்டை எனக்கு நானே தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தால் போதும் என்கிறார் அலுவலக நண்பர். நான் கையெழுத்துப் போடலாமா?

வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

நீங்கள் இணைத்து அனுப்பியிருந்த ஒப்பந்த நகலை வரி விடாமல் படித்தேன். அது இப்போதிருக்கும் வடிவத்தில் கையெழுத்திட வேண்டாம். தொகை போதுமா என்பது பிறகு பேச வேண்டிய விஷயம். உங்களுக்குச் சொந்தமில்லாத ஒன்றை உங்கள் பெயரால் விற்கவும், நீங்கள் இன்னும் எழுதவே எழுதாத பாடல்களை இப்போதே வாங்கிக்கொள்ளவும் அந்த இரண்டு பக்கங்களில் வழி செய்திருக்கிறார்கள் என்பதுதான் என் முதல் கவலை.

எது யாருக்குச் சொந்தம் என்பதிலிருந்து தொடங்குவோம். ஸ்டூடியோவிலிருந்து பென் டிரைவில் நீங்கள் வாங்கி வந்த அந்த ஒரு பாட்டுக்குள், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, தனித்தனியான மூன்று சொத்துகள் இருக்கின்றன. வரிகள் இலக்கியப் படைப்பு என்ற வகையில் சேரும், அவை உங்களுடையவை. மெட்டு இசைப் படைப்பு. அது உங்கள் நண்பருடையது. இசைப் படைப்பு என்பதில் அதனோடு பாடப்படும் சொற்கள் அடங்கா என்று சட்டமே தெளிவாகப் பிரித்து வைத்திருப்பதால், உங்கள் வரிகள் இல்லாமல் அந்த மெட்டுக்கு உயிரில்லை என்று நீங்கள் நினைத்தாலும், மெட்டை விற்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. மூன்றாவது, ஒலிப்பதிவு. பதிவுக்கான முயற்சியையும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டவரே அதன் தயாரிப்பாளர், அவரே உரிமையாளர். ஸ்டூடியோவுக்குப் பணம் கட்டி, நாள் குறித்து, ஆள் கூட்டிச் சென்றவர் நீங்கள் என்பதால் பதிவு உங்களுடையது. ஸ்டூடியோக்காரர் கூலிக்கு வேலை செய்தவர். ஆனால் நாளை அவர் வேறு மாதிரி பேசினால் கையில் காட்ட ஒரு ரசீது வேண்டும். கைபேசி வழியாகப் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பரிவர்த்தனையின் படத்தை எடுத்து வையுங்கள். கலவைக்கு முந்தைய தனித்தனி ஒலித்தடங்களையும் கேட்டு வாங்கிவிடுங்கள், அவருடைய கணினி பழுதானால் அவை திரும்பி வாரா. கிடங்கு நிறுவனத்தில் சம்பளம் வாங்குவதால் உங்கள் பாட்டில் முதலாளிக்குப் பங்கு உண்டோ என்ற அச்சம் சிலருக்கு இருக்கும். பாட்டெழுதுவது உங்கள் வேலையின் பகுதி அன்று என்பதால் அதற்கு இடமே இல்லை.

ஆகவே நண்பரின் கையெழுத்து இல்லாமல் இந்த ஒப்பந்தம் நிறைவு பெறாது. “அவன் ஒன்றும் கேட்க மாட்டான்” என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். கேட்க மாட்டார்தான், பாட்டு ஓடாத வரையில். என்னிடம் வரும் இத்தகைய வழக்குகளில் பெரும்பாலானவை அந்நியர்களுக்கிடையே நடப்பவை அல்ல. ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே கச்சேரிக் குழுவில் டோலக்கும் கீபோர்டும் வாசித்தவர்கள் பேசாமலே விட்டுவிட்ட ஒரு விஷயத்தால் வருபவை. வரும் பணத்தில் யாருக்கு எவ்வளவு, பெயர் எந்த வரிசையில் வரும், ஒருவர் மறுத்தால் மற்றவர் தனியாக விற்கலாமா என்ற மூன்றையும் தமிழிலேயே ஒரு பக்கம் எழுதி, இருவரும் தேதியிட்டுக் கையெழுத்திட்டு ஆளுக்கொரு ஜெராக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு வழக்கறிஞர்கூடத் தேவையில்லை.

அடுத்தது அந்தச் சினிமா மெட்டு. பழைய பாட்டு மெட்டில் புது வரி போட்டுப் பாடுவது வடசென்னையில் யாரும் தவறாகவே நினைக்காத வழக்கம். மரண வீட்டுக் கானாவிலிருந்து தேர்தல் பிரசாரம் வரை அப்படித்தான் நடக்கிறது. தெருவில் பாடுகிற வரையில் யாரும் தேடி வரப் போவதில்லை. ஆல்பமாக வெளியிடுவது வேறு. இசையமைப்பாளரின் ஆயுட்காலம் முழுவதும், அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் இசைப் படைப்பில் பதிப்புரிமை நீடிக்கும். எம். எஸ். விசுவநாதன் 2015-இல் மறைந்தார். 1960-களில் அவர் போட்ட ஒரு மெட்டு 2075 முடியும் வரை யாரோ ஒருவருடைய சொத்து. அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் படத் தயாரிப்பாளரிடமிருந்து உரிமை வாங்கிய ஓர் இசை நிறுவனமாக இருப்பார். ஒலிப்பதிவாக வெளிவந்து 5 ஆண்டுகள் கடந்த பாட்டை முன்கூட்டியே அறிவித்து, கட்டணம் செலுத்தி மறுபதிவு செய்ய 31சி பிரிவு வழி தருகிறது என்று ஆல்பக்காரர் உங்களிடம் சொல்லியிருக்கலாம். அந்த வழி, பாட்டை இருக்கிறபடியே பாடுவதற்கு. வரிகளை மாற்றிப் பாடுவதற்கு அன்று. உங்கள் ஒப்பந்தத்தின் ஆறாவது பத்தியோ, இரண்டு பாடல்களின் மெட்டும் “முழுக்க முழுக்கச் சொந்தப் படைப்பு” என்று நீங்கள் உறுதி கூறுவதாகவும், பிறர் வழக்குத் தொடுத்தால் நட்டம் முழுவதையும் நீங்களே ஏற்பதாகவும் சொல்கிறது. இது பொய் உறுதிமொழி ஆகிவிடும். அவர் இதை அறியாமல் எழுதினார் என்று நான் நம்பவில்லை. அந்தப் பாட்டை ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

வரிகள் நன்றாக இருக்கின்றன என்பதால், அவற்றை வீணாக்கச் சொல்லவில்லை. நண்பரிடம் வேறு மெட்டுக் கேளுங்கள். இல்லையென்றால் யாருக்கும் தனியுரிமை இல்லாதவற்றிலிருந்து எடுங்கள்: ராகங்களுக்குச் சொந்தக்காரர் கிடையாது, பரம்பரையாக வரும் தாலாட்டு, ஒப்பாரி மெட்டுகளுக்கும் கிடையாது, தியாகராஜர் 1847-இல் மறைந்துவிட்டதால் அவர் திருவொற்றியூர் வந்து பாடிய கீர்த்தனைகளின் மெட்டும் பொதுச் சொத்துதான். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். கீர்த்தனை பொதுச் சொத்தாக இருக்கலாம். அதை ஒரு வித்வான் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவு அப்படி இருக்க வேண்டியதில்லை. மெட்டைக் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம், பதிவை வெட்டி ஒட்டக் கூடாது.

இனி ஒப்பந்தத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். அதில் நான் சிவப்பு மையில் வட்டமிட்ட இடங்கள் நான்கு. முதலாவது, உரிமை எவ்வளவு காலத்துக்கு, எந்த நாடுகளுக்கு என்ற பத்தி. “என்றென்றைக்கும், உலகம் முழுவதும்” என்று இருக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது என்றால், உரிமையை எழுதிக் கொடுக்கும் ஆவணத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுகளுக்கு மட்டும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றே கொள்ளப்படும். அதாவது ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தால் உங்களுக்கு நல்லது, அதனால்தான் எழுதியிருக்கிறார்கள். 5 ஆண்டுகள் என்று திருத்தக் கேளுங்கள்.

இரண்டாவது, பாட்டை அவர்கள் பயன்படுத்தாமல் கிடப்பில் போட்டாலும் உரிமை திரும்பாது என்ற வரி. வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது தானாகவே காலாவதியாகும் என்பது 19-ஆம் பிரிவின் பொது விதி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாத வரையில். அந்த வேறு விதத்தைத்தான் சத்தமில்லாமல் நுழைத்திருக்கிறார்கள். சிறிய ஆல்பக்காரர்கள் பத்துப் பாட்டு வாங்கி இரண்டை வெளியிடுவது சகஜம் என்பதால், மற்ற எட்டுப் பேரில் ஒருவராக நீங்கள் ஆகாமலிருக்க இந்த வரி நீங்கியே ஆக வேண்டும்.

மூன்றாவது, 15,000 ரூபாயே முழுத் தொகை, பின்னால் ராயல்டி எதுவும் கேட்க முடியாது என்பது. இந்த வரியைப் பார்த்து நீங்கள் மிகவும் கலங்கியிருக்கிறீர்கள். உண்மையில் நான்கிலும் வலுவற்றது இதுதான். 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, ஒலிப்பதிவில் இடம்பெறும் பாட்டின் வரிகளை எழுதியவரும் மெட்டமைத்தவரும், தம் படைப்பு பயன்படுத்தப்படும்போதெல்லாம் வரும் ராயல்டியில் உரிமை வாங்கியவருக்குச் சமமாகப் பங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்கவே முடியாது, அப்படி எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்று விதித்தார்கள். வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் அதை மாற்றிக் கொடுக்கலாம். 1969-இல் தொடங்கப்பட்ட ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் பாடலாசிரியர்களுக்காகவும் இசையமைப்பாளர்களுக்காகவும் இந்தத் தொகையை வசூலிக்கிறது; பாட்டு வெளியான பிறகு நீங்களும் நண்பரும் அதில் உறுப்பினராகச் சேருவது நல்லது. செல்லாத வரிதானே என்று ஒப்பந்தத்தில் விட்டு வைக்காதீர்கள். சட்டம் தெரியாத ஒருவரை மிரட்ட அந்த வரி போதும்.

நான்காவதுதான் உண்மையில் ஆபத்தானது. இரண்டாம் பக்கத்தின் அடியில், கையெழுத்துக்கு மேலே, அடுத்த மூன்று ஆண்டுகளில் நீங்கள் எழுதும் எல்லாப் பாடல்களும் எழுதி முடித்த கணமே அந்த நிறுவனத்தைச் சேரும் என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. எதிர்காலப் படைப்புகளின் உரிமையை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது என்பதால், இது செல்லாது என்று சொல்லி உங்களுக்கு ஆறுதல் தர முடியாது. பொங்கலுக்கு மகனின் பள்ளிக்கு ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தால் அதற்கும் அவரிடம் அனுமதி கேட்க வேண்டிவரும். இரவு எல்லோரும் தூங்கிய பிறகு, யாரும் கேட்காமல், யாருக்காகவும் எழுதாமல் எழுதுகிறீர்களே, அந்த நேரத்தையும் சேர்த்து 15,000 ரூபாய்க்குக் கேட்கிறார்கள். இந்த வாக்கியத்தை அடித்து, அடித்த இடத்தில் இரு தரப்பும் சுருக்கொப்பம் இடாமல் பேச்சைத் தொடரவே வேண்டாம்.

இப்போது உங்கள் மனைவி சொன்னது. அவர் சொன்னது சரி. சட்டமும் ஏறத்தாழ அவர் பக்கம்தான் நிற்கிறது. பாடியவர் என்ற முறையில் உங்கள் மகளுக்கு அந்தப் பாட்டில் நிகழ்த்துநர் உரிமை இருக்கிறது. அது 50 ஆண்டுகள் நீடிக்கும். 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பதால் அவளிடம் கையெழுத்து வாங்குவதில் பொருளில்லை. அவளுக்காக நீங்கள் கையெழுத்திட்டால் போதுமா என்பது பலர் நினைப்பது போல் எளிய கேள்வி அன்று. மகளைப் படத்தில் நடிக்க வைக்கத் தந்தை செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம் 1940-களின் இறுதியில் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, அதை வைத்து மகளாலும் பணம் கேட்க முடியாது, தந்தையாலும் கேட்க முடியாது என்று தீர்ப்பாயிற்று. பாதிக்கப்பட்டது பிள்ளையின் பக்கம்தான் என்பதைக் கவனியுங்கள். எனவே மகளின் பங்குத் தொகையைப் பிறகு தருவதாகச் சொல்லும் வாக்குறுதியை ஏற்காமல், பதிவை ஒப்படைக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

ஒப்பந்தத்தின் எட்டாவது பத்தி அவளை “நிறுவனத்தின் பிரத்தியேகப் பாடகி” என்கிறது. அதை முழுவதும் நீக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில், ஏற்கெனவே பதிவான இந்த ஒரு பாட்டில் உள்ள குரலை மட்டும் பயன்படுத்தலாம் என்றும், அந்தக் குரலைக் கொண்டு கணினியில் செயற்கைக் குரலை உருவாக்கவோ அவள் பாடாத வரிகளைப் பாட வைக்கவோ கூடாது என்றும் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது நிபந்தனை சில ஆண்டுகளுக்கு முன் யாருக்கும் தோன்றியிருக்காது. இப்போது நான் தயாரிக்கும் எந்த ஒப்பந்தத்திலும் அதை விடுவதில்லை.

ஆல்பத்துக்குப் படப்பிடிப்பும் உண்டு என்று சொல்கிறார்களே, அதற்குத் தனி விதிகள் உள்ளன. 14 வயது நிரம்பாத பிள்ளைகளைக் கலைஞர்களாக ஈடுபடுத்த, குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2017-இல் வந்த விதிகளின்படி, தயாரிப்பாளர் மாவட்ட நடுவரின் அனுமதி பெற வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. அதிலும் ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. பிள்ளையின் வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காடு அவள் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போடப்பட வேண்டும். அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். முறையாகத் தொழில் செய்பவர் எடுத்துக் காட்டுவார். “சின்ன ஷூட்டிங்தானே சார்” என்பவரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வியை நீங்கள் உங்கள் மகளிடம் கேட்டிருக்க வேண்டும், ஆனால் உங்கள் நீண்ட கடிதத்தில் அவள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரியும் இல்லை. அப்பாவின் பாட்டை அப்பாவுக்காகப் பாடுவதும், அதை முன்பின் தெரியாத ஊரெல்லாம் கேட்பதும் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அவள் வேண்டாம் என்றால், வேறு பாடகியை வைத்து மறுபடி பதிவு செய்துகொள்ளலாம். வரியும் மெட்டும் உங்கள் இருவரிடமும்தானே இருக்கின்றன.

தபால் உறை விஷயத்தில் உங்கள் அலுவலக நண்பர் சொல்வதற்குச் சட்டத்தில் இடமில்லை. எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமும் அன்று. ஆயினும் வழக்கு என்று வந்தால் பதிவுச் சான்று முதல் நோக்கிலேயே சான்றாக ஏற்கப்படும் என்பதால், பாட்டை விற்கும் நிலையில் இருப்பவர்கள் பதிந்துவிடுவது நல்லது. பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் 14-ஆம் படிவத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். இலக்கியப் படைப்புக்கும் இசைப் படைப்புக்கும் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய். ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருந்த பிறகே பரிசீலனைக்கு எடுப்பார்கள். நோட்டிலுள்ள 40 பாடல்களின் வரிகளை ஒரே தொகுப்பாக, ஓர் இலக்கியப் படைப்பாகப் பதிவதே சிக்கனம்.

அதைவிடப் பெரிய சான்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பாட்டுகளை அழகாகப் படியெடுத்துவிட்டுப் பழைய நோட்டை எடைக்குப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். படியெடுத்த பக்கத்தை யார் வேண்டுமானாலும் எழுதிவிட முடியும். ஒரு சொல்லை அடித்து, அதன் மேல் வேறு சொல் எழுதி, அதையும் அடித்துப் பழையதற்கே திரும்பியிருக்கும் பக்கத்தைத் திருடனால் உண்டாக்க முடியாது. நான் நீதிமன்றத்தில் முதலில் எடுத்து வைக்க விரும்புவது அந்தப் பக்கத்தைத்தான். புதிய பாட்டு ஒன்று முடிந்ததும் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைபேசியில் அன்றைய தேதி, எழுதியவர் பெயர், மெட்டுப் போட்டவர் பெயர் ஆகியவற்றைச் சொல்லி, ஒரு முறை முழுவதும் பாடிப் பதிந்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். நடுவில் குக்கர் விசில் அடித்தாலும் பரவாயில்லை. மின்னணுப் பதிவுகளைச் சான்றாகக் காட்ட, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டும்; அதற்கு மூலக் கருவி இருந்தால் வேலை எளிது. எனவே முதல் பாட்டு வாட்ஸ்அப்பில் போன அந்தப் பழைய கைபேசியை மாற்றுப் பொருளாகக் கடையில் கொடுத்துவிடாதீர்கள்.

கோயிலில் பாடிய குழுவோடு சண்டைக்குப் போக வேண்டாம். சமயச் சடங்கின்போதும், திருமணத்தை ஒட்டிய நிகழ்ச்சிகளிலும் பாடுவதைச் சட்டம் மீறலாகக் கருதுவதில்லை. பெயர் சொல்லாததற்கு வருத்தப்படுகிறீர்கள், அது நியாயம். உரிமையை விற்றுவிட்ட பிறகும்கூட, இது நான் எழுதியது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57-ஆம் பிரிவின்படி உங்களை விட்டுப் போகாது. ஆனால் அதை நிலைநாட்ட நம்மவர்களிடம் இதைவிடப் பழைய உபாயம் ஒன்று உண்டு. திருவொற்றியூரில் பாடிய சுந்தரர் பதிகத்தின் கடைசிப் பாட்டில் தம் பெயரை வைத்தார். தியாகராஜர் கடைசிச் சரணத்தில் வைத்தார். கானாக்காரர்கள் பேட்டையின் பெயரோடு தம் பெயரையும் சேர்த்துப் பாடுகிறார்கள். நீங்களும் கடைசிச் சரணத்தில், எடுத்தால் சந்தம் குலையும்படியாக, உங்கள் பெயரைக் கோத்துவிடுங்கள். அடுத்த ஆடிக்கு அவர்களே மேடையில் உங்கள் பெயரைச் சொல்லுவார்கள்.

திருத்தங்களுக்கு ஆல்பக்காரர் உடன்பட்டால், ஒரே ஒரு பாட்டுக்கு, 5 ஆண்டுகளுக்கு 15,000 ரூபாய் என்பது முதல் முறை வெளியிடுபவருக்கு மோசமான தொகை அன்று. நண்பரின் பங்கும் மகளின் பங்கும் அதற்குள் அடங்கும் என்பதை மறவாதீர்கள். உடன்படாவிட்டால் விட்டுவிடுங்கள். உங்கள் பெயரிலேயே யூடியூபில் ஏற்றுவதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை, நண்பருடையதைத் தவிர.

கையெழுத்திடுவதற்கு முன் திருத்திய ஆவணத்தை ஒருவரிடம் நேரில் காட்டுங்கள். பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். மகளின் குரல் பற்றிய பத்தி இருப்பதால் அவள் பெயரிலேயே, உங்கள் மனைவி மூலமாக விண்ணப்பிக்கலாம். போகும்போது ஒப்பந்தத்தின் நகல், ஸ்டூடியோ ரசீது, நண்பரோடு எழுதிக்கொண்ட பக்கம், மகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றோடு அந்தப் பழைய நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.